பத்தாம் வகுப்பு மகனுக்குப் பல்கலைக்கழக பேஸ்பால் முகாம் அழைப்பு: போகலாமா?

ஃபிரிஸ்கோ அம்மா கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியின் ஜேவி அணியில் (முதன்மை அணிக்கு அடுத்த அணி) இரண்டாம் பேஸ் ஆடுகிறான், கோடையில் ஒரு டிராவல் அணி (பள்ளிக்கு வெளியே, ஊர் ஊராகப் போய் ஆடுவது). நானும் என் கணவரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். இந்த ஆட்டத்தின் விதிகளே இப்போதுதான் பிடிபட்டிருக்கின்றன. கல்லூரி அணிகள் ஆள் எடுக்கும் விதம் சுத்தமாகப் புரியவில்லை.

போன வாரம் ஒரு பெரிய டி1 (கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவு) பல்கலைக்கழகத்திலிருந்து அவனுக்கு மின்னஞ்சல் வந்தது. பெயர் வேண்டாம், ஓமஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை போன அணி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒருநாள் ‘பிராஸ்பெக்ட் கேம்ப்’. தலைமைக் கோச்சின் படம், அடியில் அவர் கையெழுத்து, “உன் ஆட்டத்தை எங்கள் மைதானத்தில் பார்க்க ஆவலாக இருக்கிறோம்” என்று ஒரு வரி. கட்டணம் 225 டாலர். காரில் ஐந்து மணி நேரம் போக வேண்டும், முந்தின இரவு ஹோட்டல் வேறு.

பையன் அந்த மின்னஞ்சலை அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டிவிட்டான். என் கணவர் அன்றிரவே மதுரைக்கு ஃபோன் செய்துவிட்டார். பேரனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சீட் கிடைத்துவிட்டதாக என் மாமனார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இது உண்மையிலேயே அவனைப் பார்த்துவிட்டு அனுப்பியதா, எல்லோருக்கும் போவதா? போவதால் ஏதாவது பயன் உண்டா? பிள்ளைகளை இந்த வழியில் அழைத்துப்போனவர்கள் சொல்லுங்கள்.

---

ரவுண்ட் ராக் கணக்கர்:

சகோதரி, முதலில் மதுரைக்கு இன்னொரு ஃபோன் போடச் சொல்லுங்கள். சீட்டும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. வந்திருப்பது விளம்பரம்.

பையன் ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. பல்கலைக்கழகம் நடத்தும் முகாமில், பணம் கட்டும் யாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) விதி. எண்ணிக்கை, வயது, வகுப்பு, பால் ஆகியவற்றை வைத்து மட்டுமே கட்டுப்படுத்தலாம். பதிவுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இதைப் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். பொறுக்கி எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் என்று அவர்கள் முகாம் நடத்தவே முடியாது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஆகஸ்ட் 1 வரை டி1 பேஸ்பால் கோச் ஒரு மாணவனுக்கு ஆள் சேர்ப்பு தொடர்பாக எழுதவோ ஃபோனில் பேசவோ கூடாது. முகாம் விளம்பரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஒரு கோச் நிஜமாகவே உங்கள் மகனைக் குறித்து வைத்திருந்தாலும், இப்போதைக்கு அவர் அனுப்பக்கூடியது இதே மாதிரிக் கடிதம்தான். ஆசைக்கு இடம் வைத்தே எழுதப்பட்டிருப்பதால் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிப்பதில் பயனில்லை. டிராவல் அணிக் கோச்சைக் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது இவனைப் பற்றி அவரிடம் விசாரித்தார்களா? எந்த ஆட்டத்தில் பார்த்தார்களாம்? அவருக்கு ஒன்றும் தெரியாது என்றால் விஷயம் முடிந்தது.

பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தொழில் புத்தி. டி1 அணிகளில் வெகுகாலம் ‘வாலன்டியர்’ உதவிக் கோச் என்று ஒருவர் இருந்தார். பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் பலர் முகாம் வருமானத்தில்தான் குடும்பம் நடத்தினார்கள். 2023 ஜூலையில் அந்த விதி மாறி, அவர்களுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்றானது. முகாம்கள் மட்டும் குறையவில்லை. நூறு பிள்ளைகள், ஆளுக்கு 225 டாலர் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு சனிக்கிழமைக்கு அது நல்ல வசூல்.

என் மகனோடு போன முகாம்களில் நான் கவனித்தது இது. காலையில் ஆளுக்கொரு எண்ணை முதுகில் ஒட்டுவார்கள். பிறகு 60 கெஜ ஓட்டம், அதாவது இரண்டு பேஸ் தூரம், நேர்கோட்டில். லேசர் கருவி நேரம் காட்டும். உள்வட்ட ஆட்டக்காரன் (பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்பவன்) 6.9 வினாடிக்குக் கீழே வந்தால் குறிப்பேடு வைத்திருப்பவர் தலை நிமிர்வார். 7.4 வந்தால் அடுத்த எண்ணைக் கூப்பிடுவார். அடுத்து எல்லோரையும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே) நிறுத்தித் தரைப் பந்துகளை அடித்து, முதல் பேஸுக்கு எறியச் சொல்வார்கள். ரேடார் துப்பாக்கி ஒன்று வலைக்குப் பின்னால் இருக்கும். அப்புறம் ஆளுக்குச் சில பந்துகள் பேட்டிங். மதியத்துக்கு மேல் பிட்சர்களை நிஜ பேட்டர்களுக்கு எதிராக வீச விடுவார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று பேட்டருக்கு ஒரு பால் (தவறான வீச்சு), ஒரு ஸ்டிரைக் ஏற்கெனவே ஆகிவிட்டது என்ற கணக்கிலிருந்தே தொடங்குவார்கள்.

தலைமைக் கோச் காலையில் வந்து பத்து நிமிடம் நன்றாகப் பேசுவார். அதற்குப் பிறகு யார் களத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேர் அந்த அணியின் தற்போதைய ஆட்டக்காரர்கள். ஆள் எடுக்கும் பொறுப்பிலுள்ள உதவிக் கோச் யார் என்பதை அணியின் இணையதளத்தில் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தப் பிள்ளைகள் பக்கம் நிற்கிறார் என்பதிலிருந்து முகாமின் உண்மையான நோக்கம் தெரிந்துவிடும். பெரும்பாலும் நாலைந்து பேரை ஏற்கெனவே முடிவு செய்து வரவழைத்திருப்பார்கள். மற்றவர்கள் கட்டணம் கட்டி வந்தவர்கள்.

அதற்காக எந்த முகாமுக்கும் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். மகனால் ஆட முடிகிற, ஆடாவிட்டாலும் படிக்க விரும்புகிற கல்லூரியாகப் பாருங்கள். என் மகன் இப்போது வெளிமாநிலத்தில் ஒரு டி3 கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டி3 என்றால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எம்ஐடி டி3, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேஸ்பாலும் டி3, அட்லாண்டாவில் எமரி டி3. நம் டெக்சாஸில் சான் அன்டோனியோவின் டிரினிட்டி 2016இல் டி3 தேசியப் பட்டமே வென்றது. அங்கெல்லாம் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. எங்களுக்கு வந்தது அந்த வகைதான். டி3 கோச் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தாராளமாகப் பதில் எழுதலாம், ஆகஸ்ட் கட்டுப்பாடு அவர்களுக்கு இல்லை. பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

---

மரியெட்டா கேட்சர் அம்மா:

கணக்கர் அண்ணா சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் முகாம் என்பதே வசூல் வேட்டை என்று தோன்றிவிடும். எங்களுக்கு அப்படி இல்லை.

இலையுதிர் காலம் பாதி கழிந்ததிலிருந்து பிப்ரவரி முடியும் வரை டி1 கோச்கள் பெரும்பாலும் வெளியே போய் ஆட்டம் பார்க்க முடியாது. தங்கள் வளாகத்துக்கு வருபவர்களை மட்டும் பார்க்கலாம். குளிர்கால முகாம்கள் இவ்வளவு பெருகியதற்கு அதுவும் காரணம். அந்த மாதங்களில் அவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் நாம்தான் போக வேண்டும்.

என் மகன் டி2 கல்லூரியில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவன்). பதினோராம் வகுப்பில் அவனே கோச்சுக்கு எழுதினான். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மா எழுதிய கடிதம் எது என்று அவர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுமாம். மதிப்பெண், காணொளிச் சுட்டி, வரவிருக்கும் ஆட்டங்களின் தேதி, அவ்வளவுதான் கடிதம். அவன் பெயரைச் சொல்லி, காணொளியில் அவன் செய்த ஒன்றைக் குறிப்பிட்டு, முகாமுக்கு வா என்று பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினோம்.

கேட்சர்களுக்கு அங்கே ‘பாப் டைம்’ பார்ப்பார்கள். பந்து கையுறையில் பட்ட கணத்திலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவன் கையுறைக்குப் போகும் வரை எத்தனை வினாடி என்பது. இரண்டு வினாடி என்றால் மதிப்பு. இவனுக்கு அதைவிடச் சற்று அதிகமாக வந்துகொண்டிருந்தது. உதவிக் கோச் ஒருவர் வந்து, எறிவதற்கு முன் வலது கால் ஓரடி முன்னால் போய்விடுகிறது, பந்தைப் பிடிக்கும்போதே பாதத்தைத் திருப்பி வை என்று காட்டினார். அடுத்த சில எறிகளிலேயே நேரம் குறைந்தது. திருத்தினால் திருந்துகிறானா என்பதையும் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பிறகு புரிந்தது. அந்தக் கல்லூரியில்தான் இப்போது ஆடுகிறான். உதவித்தொகை சின்னப் பகுதிதான்; டி2 அணி முழுவதற்கும் மொத்தம் ஒன்பது முழு உதவித்தொகை, அதைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் பேஸ் பையன் என்றால் ஷார்ட்ஸ்டாப்பிலும் பழகச் சொல்லுங்கள். நல்ல ஷார்ட்ஸ்டாப்பை இரண்டாம் பேஸுக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்பது கோச்களின் கணக்கு.

---

பழைய டக்அவுட்:

பள்ளி அணி ஒன்றில் சனிக்கிழமைகளில் உதவி செய்கிறேன். இந்தச் சந்தேகத்தோடு வரும் பெற்றோருக்கு நான் சொல்வது: அணியின் ஆள் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

முன்பு டி1 அணிக்கு 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகை, அதை 27 பேர் வரை பிரித்துக்கொடுத்தார்கள். கல்லூரி விளையாட்டு வழக்கில் 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் 34 பேருக்கும் உதவித்தொகை கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அங்கே பொதுவாக அணியில் 34 பேருக்கு மேல் வைக்க முடியாது. அந்த 34 இடத்துக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாறுவோர் பதிவேடு) வழியாக வேறு கல்லூரிகளிலிருந்து வரும் இருபத்தோரு, இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். ஓமஹா கனவோடு இருக்கும் கோச், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களைத்தான் முதலில் பார்ப்பார். பட்டியலில் எத்தனை பேர் நேராக உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், இரண்டாம் பேஸில் நிற்பவர் எங்கிருந்து வந்தார், எந்த உயரம் என்று பாருங்கள். பையனையே பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

---

ஃபிரிஸ்கோ அம்மா:

மூவருக்கும் நன்றி. டிராவல் கோச்சிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். அதே மின்னஞ்சல் அணியில் எல்லோருக்கும் வந்திருக்கிறது. போன ஆண்டே பேஸ்பாலை விட்டுவிட்டு நீச்சலுக்குப் போன பையனுக்கும் வந்திருக்கிறது. எல்லோரும் ஒரே போட்டித் தொடரில் பெயர் கொடுத்தார்களாம், அங்கிருந்து முகவரி போயிருக்கும் என்கிறார்.

மகனிடம் சொல்லத் தயங்கினேன். ஆள் பட்டியலை அவனே பார்க்கட்டும் என்று மடிக்கணினியைக் கொடுத்தேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “இரண்டாம் பேஸ்காரர் இரண்டு கல்லூரி மாறி வந்தவர், என்னைவிட ஆறு வயது பெரியவர்” என்றான். மின்னஞ்சல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

225 டாலர் கட்டவில்லை. ஷெர்மனில் இருக்கும் ஆஸ்டின் கல்லூரி (ஆஸ்டினில் இல்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்), டிரினிட்டி இரண்டுக்கும் அவனே எழுதுகிறேன் என்கிறான். மாமனாரிடம் என் கணவர் பேசிவிட்டார். “சரி, வேறு கல்லூரி இல்லையா என்ன” என்றாராம்.

ஒரு சின்னக் கேள்வி. பதில் வந்து முகாமுக்குப் போனால், பள்ளி ஜெர்ஸி போட்டுப் போக வேண்டுமா?

---

ரவுண்ட் ராக் கணக்கர்:

தேவையில்லை. ஒற்றை நிறச் சட்டை, வெள்ளை அல்லது சாம்பல் பேஸ்பால் பேண்ட், தொப்பி போதும். பிபிகோர் (மரமல்லாத பேட்டுகளுக்கான தரச் சான்று) முத்திரையுள்ள பேட், அதில் பெயர் எழுதி வையுங்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர் நிறைய. பெற்றோர் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம், கம்பி வலைக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். கோச்சிடம் பேச வேண்டியதைப் பையன் பேசட்டும்.