அம்மாவின் கால்வீக்கம்: புரதக் குறைவு என்று எதை வைத்து முடிவு செய்வது?

பொருநைக்கரை (அம்பாசமுத்திரம்):

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 67, எடை 48 கிலோ. ஆறு மாதமாகத் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. மணிக்கட்டில் நின்ற வளையல் இப்போது முழங்கை வரை ஏறுகிறது. முடி கொத்தாக உதிர்கிறது. மாலையானால் இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வாரின் தடம் நெடுநேரம் மறைவதில்லை. மருந்துக்கடையில் சொன்னபோது, "புரதச் சத்துக் குறைவுதான்" என்று ஒரு டப்பா மாவை எடுத்து நீட்டினார்கள். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வந்துவிட்டேன். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், இரவில் மோர் விட்ட சோறு, இடையில் இரண்டு காபி என்று வயிறாரச் சாப்பிடுகிறவருக்குச் சத்துக்குறைவு வருமா? அப்பா காலமான பிறகு மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். இரத்த அழுத்த மாத்திரை உண்டு.

காணத்துவையல் (பாளையங்கோட்டை, உணவியல் பணி):

சகோதரி, வயிறு நிறைவதும் புரதம் சேர்வதும் வேறு வேறு. நீங்கள் எழுதியதையே கணக்கிட்டுப் பார்க்கிறேன். மூன்று இட்லிக்கு 6 கிராம், மதியச் சோற்றுக்கு 7 அல்லது 8, சாம்பாரைத் தெளிவாக ஊற்றிக்கொள்கிறவராக இருந்தால் 2, பொரியலில் 1, இரவுச் சோற்றிலும் மோரிலுமாக 7, காபிப் பாலில் 3. எப்படிக் கூட்டினாலும் 27 கிராமைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 48 கிலோவுக்கு அது ஏறத்தாழ 40 கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதே இத்துறையில் பலருடைய கருத்து.

ஆகவே தட்டில் குறை இருக்கிறது. உடலில் அது முதலில் தெரிவது தசையில்தான். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அம்மாவை உட்காரச் செய்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை வலுவிழந்திருக்கிறது என்று ஐயுறலாம். முடி உதிர்வதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவிலும் தைராய்டு கோளாறிலும் அதேபோல்தான் உதிரும்.

வீக்கம் தனிச் செய்தி. புரதக் குறைவால் கால் வீங்குவது மிகக் கடுமையான நிலையில்தான். உங்கள் தாயார் உண்ணும் அளவுக்கு அவ்வளவு தூரம் போயிருக்க வாய்ப்பு குறைவு. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்காமல் அதற்குப் பெயர் சூட்டக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆய்வகத்தான்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், முப்பது ஆண்டுகள் இரத்த மாதிரியோடு காலம் கழித்தவன் என்ற முறையில். இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருந்தால் புரதக் குறைவே இல்லை என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். உணவில் குறைந்தாலும் உடல் தசையைக் கரைத்து அந்த அளவை நெடுநாள் தாங்கிப் பிடிக்கும்; மறுபுறம், நன்றாக உண்பவருக்கும் ஒரு கடுங்காய்ச்சலில் அது இறங்கிவிடும். எனவே அதோடு, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினும், சிறுநீரில் புரதம் கழிகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு மருத்துவரைக் கேளாமல் டப்பா மாவைக் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. இரத்த அழுத்தத்துக்கு அம்மா உண்பது அம்லோடிபின் மாத்திரையா என்றும் பாருங்கள். அதனாலேயே கணுக்கால் வீங்குவோர் பலர்.

கல்லிடை ஆச்சி:

மகளே, அம்மாவின் கடைவாய்ப் பற்கள் எத்தனை மிச்சம் என்று பார்த்தாயா? என் மதினி சுண்டலையும் மீனையும் ஒதுக்கியபோது மனச்சோர்வு என்றே நினைத்திருந்தோம்; மெல்ல முடியாததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். நம் பக்கத்து உளுந்தஞ்சோறு இதற்குத் தோது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து, வெந்தயம், பூண்டு, தேங்காய்த் துருவல் சேர்த்துக் குழைய வேகவைத்து, எள்ளுத் துவையலோடு கொடு. 40 கிராம் உளுந்திலேயே 9 கிராம் புரதம் சேர்ந்துவிடும். அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக் கூறை உளுந்து ஈடுகட்டும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை மட்டும் நம்பினால், நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 8 கிராம் பருப்பு. அதில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது.

பொருநைக்கரை:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாத்திரை அம்லோடிபின்தான், மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றியதும் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. சிறுநீரில் புரதம் இல்லை, கிரியாட்டினினும் சரியாக இருக்கிறது, ஆல்புமின் 3.7. ஆனால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 17 வினாடி ஆயிற்று. நான்காம் முறை கை தானாக மார்பிலிருந்து விலகித் தொடையை ஊன்றியது. ஆச்சி சொன்னபடியே கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்கள்தான் மிச்சம். வாரம் நான்கு நாள் உளுந்தஞ்சோறு சாப்பிட ஒப்புக்கொண்டிருக்கிறார். மதியம் கெட்டித் தயிரும், கடைந்த சிறுபயறும் சேர்த்திருக்கிறேன். முட்டை இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது.