கிளை அஞ்சலகம் கேட்டு மனு: எந்த எண்ணில் விழுகிறது?

முத்திரைக்கட்டை:
"ஊரில் தபால் ஆபீஸ் இல்லை, முதியவர்கள் நடந்து சாகிறார்கள்" என்று கிளை அஞ்சலகம், அதாவது கிராமத்துச் சிறு தபால் ஆபீஸ், கேட்டு எவ்வளவு உருக்கமாக எழுதினாலும், அஞ்சல் துறையின் வரையறைக்குள் வராவிட்டால் ஒரே வரியில் பதில் வந்துவிடும். பார்ப்பது மூன்றுதான்: தூரம், மக்கள்தொகை, வருமானம். சமவெளிக் கிராமம் என்றால் பக்கத்து அஞ்சலகம் குறைந்தது 3 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும். புது அலுவலகத்தின் கீழ் வரப்போகும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து 3,000 பேர் வேண்டும். எதிர்பார்க்கும் வருமானம் செலவில் மூன்றில் ஒரு பங்காவது தேற வேண்டும். மலை, பழங்குடிப் பகுதி, எளிதில் போய்ச்சேர முடியாத இடம் என்றால் தனி ஊருக்கு 500 பேர், ஊர்த்தொகுப்புக்கு 1,000 பேர், வருமானம் 15 விழுக்காடு போதும். தூரம் மட்டும் அங்கும் 3 கி.மீ.தான். மலைப்பகுதிக்கு அதைத் தளர்த்தும் அதிகாரம் டெல்லியிலுள்ள அஞ்சல் துறை இயக்குநரகத்துக்கு உண்டு. அதனால் நடுவில் ஆறோ காட்டுப்பாதையோ இருந்தால் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

தூரத்தில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். தங்களுக்குத் தபால் கொண்டுவரும் அலுவலகத்திலிருந்து 5 கி.மீ. என்று எழுதுவார்கள். மறுபுறம் 2 கி.மீ.யில் வேறு அஞ்சல் கோட்டத்தை, அதாவது வேறு நிர்வாகப் பிரிவைச் சேர்ந்த கிளை ஒன்று இருக்கும். இடத்தைப் பார்க்க வரும் அஞ்சல் ஆய்வாளர் எல்லாத் திசையிலும் பார்ப்பார். மனு அங்கேயே முடிந்தது. அளப்பதும் வரப்போகும் அலுவலகத்துக்கும் இருக்கிற அலுவலகத்துக்கும் இடையில்தான், உங்கள் தெருக்கோடியிலிருந்து அல்ல.

வடக்குக்களம்:
மக்கள்தொகையிலும் இதே கதைதான் சார். வாக்காளர் பட்டியலையும் ரேஷன் கார்டு எண்ணிக்கையையும் ஒட்டி அனுப்புகிறார்கள். அதிகாரி கேட்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கையில் இருப்பதோ 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் கிடக்கும், கணக்கெடுப்பில் எல்லாம் ஒரே பெயரில் நிற்கும். ஆகவே குக்கிராமம் வாரியாகப் பிரித்த பட்டியலை ஊராட்சியிலும் வி.ஏ.ஓ.விடமும் கையொப்பத்தோடு வாங்கி இணைக்க வேண்டும்.

கிராமசபைத் தீர்மானம் போடுவதானால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். "தபால் நிலையம் அமைத்துத் தரத் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தால் பயனில்லை. எந்த ஊரில் அலுவலகம், கீழே எந்தெந்தக் குக்கிராமங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், சுற்றிலும் உள்ள ஒவ்வொரு அஞ்சலகத்துக்கும் எத்தனை கி.மீ., இடம் யார் தருவது என்று தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

ஏரிக்கரை:
எம்.பி. கடிதம் வாங்கிச் சென்னையிலுள்ள அஞ்சல் துறை மேலிடத்துக்கே அனுப்பினால் விரைவாக நடக்காதா?

முத்திரைக்கட்டை:
சென்னைக்குப் போனாலும் டெல்லிக்குப் போனாலும் அந்தக் கடிதம் "அறிக்கை தருக" என்ற குறிப்போடு கோட்டக் கண்காணிப்பாளரிடம்தான் திரும்பி வரும். அவர் உட்கோட்ட ஆய்வாளரை அனுப்புவார். நேரே கண்காணிப்பாளருக்கு எழுதி, எம்.பி.க்கு நகல் வையுங்கள். இன்னொன்று, எடுத்த எடுப்பில் கிளைக்கு அடுத்த மேல்நிலையான துணை அஞ்சலகம் கேட்காதீர்கள். கிளையாகத் தொடங்கி, நாளொன்றுக்கு 5 மணி நேர வேலைப்பளு சேர்ந்த பிறகுதான் தரம் உயர்த்தும் பேச்சே.

பேரேடு:
யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காதது வருமானத்தைத்தான். 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதத்தில், 4 மணி நேரக் கிளை அஞ்சல் அலுவலருக்கு, அதாவது பி.பி.எம்.முக்கு, அடிப்படைத் தொகை மாதம் 12,000 ரூபாய். அகவிலைப்படியை விட்டுவிட்டாலும் ஆண்டுக்கு 1,44,000. மூன்றில் ஒரு பங்கு 48,000, மலைப்பகுதி என்றால் 21,600. பட்டுவாடாவுக்கு உதவி அலுவலர் ஒருவரையும் சேர்த்துக் கேட்டால் அவருக்கு மாதம் 10,000. மொத்தம் 2,64,000 ஆகிறது, மூன்றில் ஒரு பங்கு 88,000-க்கு எகிறிவிடும். ஒற்றை ஆள் அலுவலகமாகக் கேட்கும் திட்டம் எளிதாக நிற்பதற்குக் காரணம் இதுதான். அகவிலைப்படியும் மற்ற செலவும் சேர்ந்தால் உண்மையான இலக்கு இன்னும் மேலே போகும்.

தபால்தலை விற்று இந்தத் தொகை வராது. சேமிப்புக் கணக்குகளுக்காக நிதி அமைச்சகம் அஞ்சல் துறைக்குத் தரும் ஊதியம், கிராமிய அஞ்சல் காப்பீடு இவைதான் தாங்கும். மாதம் 100 ரூபாயில் தொடங்கும் ஆர்.டி. என்ற தொடர் வைப்பு, 250 ரூபாயில் தொடங்கும் செல்வமகள் கணக்கு எத்தனை சேரும் என்று மகளிர் குழுக்கள் எழுதித் தந்தால் ஆய்வாளர் அறிக்கைக்கு அது உதவும். ஆனால் ஆய்வாளர் வருமானத்தைக் கணக்கிடும் முன் நூறு ஆர்.டி. போட்டு மூன்றாம் மாதம் நிறுத்துகிற வித்தை வேண்டாம். அலுவலகம் திறந்த பின் வரும் மறுஆய்வில் அதுவே கழுத்தில் விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் ஊர்களைப் பிரித்தெடுத்தால் பழைய கிளையின் வருமானம் குறையும். அது நொண்டிப்போகும் என்றால் உங்கள் கோப்பில் எதிர்க்குறிப்பு விழுவது நிச்சயம்.

மலைச்சாலை:
மூன்று எண்ணும் சரியாக இருந்தும் ஆண்டுக்கணக்கில் தூங்கும் கோப்புகளுக்குக் காரணம் பணியிடம். புதுப் பணியிடம் உருவாக்குவது லேசில்லை. வேலை குறைந்த வேறு கிளையிலிருந்து ஒரு பணியிடத்தை இடம் மாற்றுவதுதான் வழக்கமான வழி. அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் ஒரு மனு போட, இரண்டு கோப்பும் நின்றுவிடும். "வரையறைக்குள் வருகிறது, பணியிடம் கிடைத்ததும் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று பொருள். ஆண்டுதோறும் அந்தக் கடித எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். புது மனு போட்டால் வரிசையில் கடைசிக்குப் போவீர்கள்.

சைக்கிள்மணி:
அனுமதி வந்த பிறகு கவிழ்வது கட்டிடத்தில். கிளை அஞ்சலகத்துக்குத் துறை கட்டிடம் தராது. தேர்வாகும் பி.பி.எம். அந்த ஊரிலேயே குடியிருந்து, இடமும் தானே ஏற்பாடு செய்ய வேண்டும். தரமான இடம் என்றால் குறைந்தது 100 சதுர அடி. அதற்கு மாதம் 500 ரூபாய் படி, இல்லையென்றால் 250. தேர்வு பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இணையத்தில் நடக்கிறது. எங்கோ ஓர் ஊரைச் சேர்ந்தவர் தேர்வாகி வந்து, 500 ரூபாய்க்கு அறை தேடி அலைந்து, சேராமலே திரும்பிப்போவது சாதாரணம் தோழர். ஊராட்சி முன்கூட்டியே மின்இணைப்புள்ள ஓர் அறையை ஒதுக்கிவைத்தால் அந்தத் தலைவலி இல்லை. அறைக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் எடுக்கிறது என்பதையும் முதலிலேயே பாருங்கள். இன்று கிளை அலுவலகத்தின் வேலை எல்லாம் கைக்கருவியில்தான், வாசலுக்கு ஓடி ஓடிப் பணம் கட்டினால் வரிசை நகராது.

ஏரிக்கரை:
திறந்தால் தனி பின்கோடு கிடைக்குமா? பெரிய தொகை எடுக்கலாமா?

பேரேடு:
தனி பின்கோடு கிடையாது. கிளை எந்தக் கணக்கு அலுவலகத்தோடு, அதாவது அதன் வரவுசெலவைப் பார்க்கும் மேல் அஞ்சலகத்தோடு இணைகிறதோ அதன் பின்கோடுதான். கணக்கு அலுவலகம் மாறினால் ஊரின் பின்கோடும் மாறும், ஆதார், வங்கி முகவரியெல்லாம் திருத்த வேண்டிவரும். எந்தத் துணை அஞ்சலகத்தோடு இணைக்கப் போகிறார்கள் என்று முன்னரே கேட்டு, இப்போதுள்ளதே தொடர வேண்டுமென்றால் தீர்மானத்தில் எழுதுங்கள்.

பணம் எடுக்க ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 20,000 ரூபாய் உச்சம், ரொக்கமாகக் கட்ட 50,000. அலுவலகம் வைத்திருக்கும் இருப்புக்கும் வரம்பு உண்டு. நூறு நாள் வேலைக் கூலி வரும் வாரத்தில் பத்துப் பேர் ஒன்றாக வந்தால் பெட்டி காலி. முதல் நாளே பி.பி.எம்.மிடம் சொன்னால், மறுநாள் தபால் பையோடு பணமும் வந்துசேர அவர் எழுதிப் போடுவார்.