‘அயனித் தாவல்’ பலபடிக்குப் பொருந்துமா?

மின்கலத்தில் அயனிகளைக் கடத்தும் திண்மப் பலபடி (பாலிமர்) மின்பகுளியில் லித்தியம் அயனி நகர்வதை ‘அயனித் தாவல்’ என்று சொல்லலாம் என ஒரு கருத்து வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹாப்பிங்’ என்று எல்லோரும் எழுதுவதால் அப்படித் தோன்றியிருக்கும். நான் இதை ஏற்கவில்லை. கார்னெட் வகைப் பீங்கான் மின்பகுளிக்குத் ‘தாவல்’ கச்சிதமான சொல்: படிகக்கூடு அப்படியே நிற்க, அயனி பக்கத்துக் காலியிடத்துக்குப் போகிறது. பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பலபடியில் நடப்பது வேறு.

அதில் ஒரு லித்தியம் அயனியை பலபடிச் சங்கிலியில் உள்ள ஐந்தாறு ஈத்தர் ஆக்சிஜன்கள் வளைத்துப் பிடித்திருக்கும். சங்கிலியின் ஒரு சிறு பகுதி, அதாவது ஒரு கண்ணி, நெளியும்போது ஓர் ஆக்சிஜன் பிடியை விடும், வேறொன்று பிடித்துக்கொள்ளும். இப்படிப் பிடி மாறித்தான் அயனி இடம்பெயர்கிறது. நெளிவு நின்றால் நகர்வும் நிற்கும். ஆகவே நெளிவுக்குக் ‘கண்ணியசைவு’ என்றும், அதன்வழி நிகழ்வதற்குக் ‘கண்ணியசைவுக் கடத்தல்’ என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு ஆய்வகத்தில் உடனே தெரியும். தாவல் என்று மட்டும் படித்த மாணவர், லித்தியம் அயனியைத் தரும் உப்பைக் கூட்டினால் கடத்துதிறன் கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பார். வழக்கமான கலவை 1 கிராம் பாலிஎத்திலீன் ஆக்சைடுக்கு 0.33 கிராம் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பு, அதாவது 20 ஈத்தர் ஆக்சிஜனுக்கு 1 லித்தியம். உப்பை அளவுக்கு மீறி ஏற்றினால் லித்தியமே சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது எதற்குக் கீழே சங்கிலி விறைத்துவிடுமோ அந்த வெப்பநிலை, ஏறும். அயனிகள் எதிரயனிகளோடு சேர்ந்து முடங்கும். கடத்துதிறன் இறங்கிவிடும்.

வெப்பநிலையும் இதையே காட்டுகிறது. தூய பாலிஎத்திலீன் ஆக்சைடின் படிகப் பகுதி ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் உருகும்; அதற்குக் கீழே அப்பகுதியில் சங்கிலி தாராளமாக நெளியாது. 80 டிகிரியில் சென்டிமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு சீமன்ஸ் அளவில் இருக்கும் கடத்துதிறன், அறை வெப்பநிலையில் அதில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே விழுகிறது. 2011இல் பாரிஸில் ஓடத் தொடங்கிய ஆட்டோலிப் என்ற வாடகை மின்கார்களின், இவ்வகைப் பலபடி கொண்ட மின்கலத்தைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது இதனால்தான். உருகுநிலைக்கு மேலே அளந்த கடத்துதிறனின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்தால், தாவலுக்கு வரும் அர்ரீனியஸ் நேர்கோடு வராது, வளைகோடு வரும். அந்த வளைவு கண்ணியசைவின் கையெழுத்து.

அறை வெப்பநிலையில் எதிர்பாராமல் நல்ல எண் கிடைத்தால் மகிழ வேண்டாம். படலம் வார்க்கப் பயன்படுத்திய கரைப்பானான அசிட்டோநைட்ரைலோ ஈரமோ உள்ளே தங்கியிருக்கலாம். அது சங்கிலியை இளக்கிவிடும். வெற்றிடத்தில் 50–60 டிகிரியில் நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

*

ஐயா, ‘கண்ணியசைவு’ எனக்கும் சம்மதம். இலங்கைப் பாடநூல்களில் பலபடி ‘பல்பகுதியம்’, அயனி ‘அயன்’. இந்தச் சொல் இரு வழக்கோடும் ஒட்டும்.

வரையறையில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். ‘பலபடியில் அயனி நகரும் முறை’ என்று பொதுவாக எழுதிவிடக் கூடாது. 2001இல் வேதியியலாளர் பீட்டர் புரூஸின் குழு, 6 ஈத்தர் ஆக்சிஜனுக்கு 1 லித்தியம் என்ற விகிதத்தில் அமைந்த படிகப் பலபடியிலும் கடத்தல் உண்டு என்று காட்டியது. அங்கே சங்கிலிகள் இணைந்து குழல் அமைக்கின்றன. அதனுள்ளே லித்தியம் இடத்துக்கு இடம் போகிறது. அதற்குத் ‘தாவல்’ என்பதே சரி. எனவே கலைச்சொல் பலபடி என்ற பொருளைச் சுட்டாமல், அயனி நகரும் பொறிமுறையைச் சுட்டட்டும்: ‘படிகமல்லாப் பகுதியில், சங்கிலிக் கண்ணிகளின் நெளிவால் ஈத்தர் பிடி மாறி அயனி நகர்தல்.’