மறு: ரோட்டரை ஒன்றாம் சிலிண்டருக்கு வைப்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் நாகர்கோவிலிலிருந்து வணக்கம். பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பகிர்ந்து தருவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் சுழலும் ரோட்டரை ஒன்றாம் சிலிண்டருக்கு நேராக வைக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் இழைக்கு என் பதில் இது.

> எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தபின் செய்யும் இந்த வேலையை ‘சுற்றக ஒழுங்கமைவு’ என்று சொல்லலாமே. சுற்றகம் ஏற்கெனவே பாடநூலில் உள்ள சொல்தானே?

அண்ணாச்சி, சுற்றகம் நல்ல சொல். மோட்டாருக்குள் அசையாமல் நிற்கும் நிலையகத்தின் நடுவே சுழன்று விசை தருகிற பகுதிக்கு அது பொருந்தி நிலைத்தும் விட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரோ எந்த விசையும் தருவதில்லை. காயிலிலிருந்து வரும் உயர் மின்னழுத்தத்தை மூடியின் நடுக் கார்பன் வழியாக வாங்கி, பிளக்குகளுக்கு வயர் போகும் முனைகளில் அந்த நேரம் எந்த முனைக்கு நேரே நிற்கிறதோ அந்த முனைக்குத் தாவ விடுகிறது. எதைக் காட்டி நிற்கிறது என்பதுதான் அதில் கணக்கு. ஆங்கிலக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தார்கள் என்பதற்காக நாமும் வைக்க வேண்டுமா?

‘ஒழுங்கமைவு’ எனக்கு இன்னும் பெரிய சிக்கல். எதை எதோடு ஒழுங்கமைக்கிறோம் என்பது அதில் இல்லை. பேரிங்கை வைத்தாலும் ஒழுங்கமைவு, கதவுக் கீலைச் சரிசெய்தாலும் ஒழுங்கமைவு.

இங்கே வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை பழைய அம்பாசடரும் பத்மினியும் பார்க்கிற மேஸ்திரிமார் இந்தக் கட்டத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: “ரோட்டர் எங்கோட்டு நிக்கு?” பையன் மூடியைக் கழற்றிப் பார்த்து, “ஒண்ணுல நிக்கு” என்பான். அதன்பிறகுதான், “சரி, டைமிங் வை,” அதாவது பொறி வரும் நேரத்தைச் சரிசெய் என்பது. இந்த இரண்டு பேச்சும் இரண்டு வேலை. நம் இழையில் இதுவரை வந்த சொற்கள் எல்லாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. என் கவலை முழுக்க அதில்தான்.

முதல் வேலை, எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் ‘ஓவராயில்’ முடிந்து டிஸ்ட்ரிபியூட்டரை உள்ளே இறக்கும்போது நடப்பது. நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று, அதோடு ரோட்டரும் ஒரு சுற்று. ஆகவே ஒன்றாம் பிஸ்டன் மேலே வந்து நிற்பது ரோட்டரின் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை நடக்கிறது. ஒன்று, காற்றையும் பெட்ரோலையும் அமுக்கி முடித்து வரும்போது. மற்றொன்று, புகையை வெளியே தள்ளி முடித்து வரும்போது. கிராங்க் முனையின் புல்லியில் உள்ள வெட்டுக்குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அதை மட்டும் நம்பி ரோட்டரை ஒன்றுக்கு வைத்தால், நேர் எதிராக, 180 பாகை மாறி உட்கார வாய்ப்புண்டு. அப்போது பொறி வருவது இன்லெட் வால்வு திறக்கிற வேளையில். வண்டி ஸ்டார்ட் ஆகாது, கார்பரேட்டர் வழியே திருப்பி வெடிக்கும்.

எந்த முறை என்று கண்டுபிடிக்க நம் ஊர் வழி எளிது. ஒன்றாம் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, ஹேண்டிலை மெல்லச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அமுக்கம். வால்வுகளுக்கு மேலுள்ள டேப்பட் மூடி திறந்திருந்தால் நாலாம் சிலிண்டரைப் பார்க்கலாம்: அங்கே ஒரு வால்வு மூடவும் மற்றது திறக்கவும் ஆடிக்கொண்டிருந்தால், ஒன்றாவது அமுக்கத்தில் நிற்கிறது. கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் சக்கரங்களில் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் வந்ததை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. அது எந்த வீச்சின் முடிவு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

இரண்டாம் வேலை இதற்கு அப்புறம். பாயிண்ட், அதாவது திறக்கும் கணத்தில் பொறியை வரவைக்கும் தொடுமுனை, சரியாக எப்போது திறக்கிறது என்று பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் உடலைச் சில பாகை இப்படியோ அப்படியோ திருப்பி முடுக்குவது. முதல் வேலை தவறியிருந்தால் இதை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தும் பயனில்லை.

> சுருதி கூட்டுதல் போல ‘பொறி கூட்டல்’ என்றால் அழகாக இருக்குமே?

அழகுதான் தம்பி. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் “டைமிங்கைக் கொஞ்சம் கூட்டு” என்றால் பொறியை முன்கூட்டி வரவை என்று பொருள். கூட்டுவதும் குறைப்பதும் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் சொற்கள். நாம் வேறு பொருளில் அச்சிட்டுக் கொடுத்தால், படிக்கிற பையன் தப்பாகத்தான் திருப்புவான்.

என் முன்மொழிவு இது. ரோட்டருக்குப் ‘பொறிமுள்’. கடிகாரத்திலும் தராசிலும் மீட்டரிலும் ஓர் இடத்தைச் சுட்டி நிற்பதை முள் என்றுதான் சொல்கிறோம். அதை முதல் சிலிண்டருக்கு நேராக இருத்தும் வேலை ‘முள்வைப்பு’. “டைமிங் வை”, “டிஸ்ட்ரிபியூட்டரை வை” என்று வாயில் இருக்கிற வினைதான். உடலைத் திருப்பிக் கணத்தைச் சரிசெய்வது ‘பொறிநேரத் திருத்தம்’. பிஸ்டன் மேலே முட்டி நிற்கும் நிலைக்கு நீண்ட மொழிபெயர்ப்புகள் பல பார்த்தேன். ‘உச்சி’ போதும். அமுக்க உச்சி, கழிவு உச்சி என்று பிரித்துச் சொன்னால், பலரை மயக்குகிற அந்த இரண்டும் காதிலேயே பிரிந்துவிடும். 180 பாகை மாறி நின்றால் ‘எதிர்முகம்’.

‘முள்’ என்பதற்கு ஒரு தடை வரும், நானே சொல்லிவிடுகிறேன். ரோட்டரின் பித்தளை நுனி முள்ளைப்போல் கூராக இல்லை, அகலமானது. காரணம் இருக்கிறது. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பொறியை முன்கூட்டும் வாக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யும்போது பாயிண்ட் இருக்கும் தட்டே நகர்கிறது. அதனால் பொறி பாயும் கணத்தில் ரோட்டர் நிற்கும் இடமும் சற்று மாறும், நுனியின் அகலம் அந்த மாற்றத்தைத் தாங்குகிறது. வேகம் கூடும்போது எடைகள் விரிந்து பொறியை முன்கூட்டும் எடைக்குண்டு அட்வான்ஸில், பாயிண்டைத் திறக்கும் கேமும் ரோட்டரும் சேர்ந்தே நகர்வதால் அந்தச் சிக்கல் இல்லை. நுனி அகலமானாலும் சுட்டும் தொழில் மாறவில்லை, எனவே முள் நிற்கும் என்றே நினைக்கிறேன். ‘பொறி’ என்றால் எந்திரம் என்றும் பொருள் வருமே என்பவர்கள் அகராதியில் ‘தீப்பொறிமுள்’ என்று முழுதாகப் போடலாம்.

வரையறை எழுதும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். “முள் மூடியின் முதல் முனையைப் பார்க்க வேண்டும்” என்று எழுதினால் பிழை. முதல் முனை என்பது மூடியில் பிறந்ததல்ல, ஒன்றாம் பிளக்கின் வயரை நாம் செருகுகிற முனைதான் முதல் முனை. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2 ஆக உள்ள எஞ்சினில் முள் எதிர்முகமாக உட்கார்ந்துவிட்டால், வயர்களில் ஒன்றையும் நாலையும், இரண்டையும் மூன்றையும் மாற்றிச் செருகினால் வண்டி ஓடிவிடும். ஓடுவது சரிதான். ஆனால் அடுத்து அந்த வண்டியைப் பார்க்கிறவர் புத்தகப்படி வயர் மாட்டினால் மறுபடியும் நின்றுபோகும். அதனால் முள்ளையே திருத்தி வைப்பதுதான் என் பக்கம்.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டரின் அடிநாக்கு நடுவிலிருந்து விலகியிருப்பதால் அது ஒரு வழியாக மட்டுமே உட்காரும். அங்கே பிசகு வருவது அதற்குக் கீழே நின்று அதைச் சுழற்றும் சாய்பல் கியரில். இறக்கும்போதே அது சுழன்றுகொண்டு போய்ப் பற்றும், ஒரு பல் தள்ளிப் பற்றினால் முள்ளும் தள்ளி நிற்கும். இதற்கு ஒர்க்‌ஷாப் சொல்லே இருக்கிறது, “பல்லு மாறிட்டு”. ‘பல்மாற்றம்’ என்று அப்படியே எடுத்துக்கொள்வோம்.

ஆக, பதிவுக்கு நான் தருவது:

முள்வைப்பு: ஒன்றாம் பிஸ்டன் அமுக்க உச்சிக்கு வந்து நிற்கையில், ஒன்றாம் பிளக்கின் வயர் செருகிய முனைக்கு நேராகப் பொறிமுள் நிற்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்துதல். பொறிநேரத் திருத்தத்துக்கு முந்தியது.

தக்கலை ஐயா ஐடிஐயில் பாடம் எடுத்தவர். அமுக்கம், அழுத்தம் இரண்டில் எது மாணவர்களுக்குப் பழக்கம் என்று அவர் சொன்னால் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.