மறு: நுழைவு வளைவு வசூல் – டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊரில் நமக்கெல்லாம் வைத்தியம் பார்த்த டாக்டரம்மா பெயரில் ஊர் நுழைவில் வளைவு கட்டப் பணம் அனுப்பச் சொல்லி நம் சங்கத்திலிருந்து வந்த மூன்று மடல்களையும் படித்தேன். என் பங்கை முதல் மடல் வந்த வாரமே அனுப்பிவிட்டேன், பொருளாளர் அண்ணன் பட்டியலில் இருக்கிறது. அதனால் பணம் தராமல் தப்பிக்க எழுதுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கா போன மாதம் ஊருக்குப் போயிருந்தாள். டாக்டரம்மாவைப் பார்க்கப் போனவள் அன்று இரவு எனக்கு போன் போட்டு அழுதாள். நாமெல்லாம் அம்மா மடியில் உட்கார்ந்து காத்திருந்த அந்த முன் அறையில் ஓடு சரிந்து மழை நேராக உள்ளே இறங்குகிறதாம். புதன்கிழமை தடுப்பூசி போட வரும் நர்ஸ் ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையை மூலைக்கு மூலை நகர்த்திக்கொண்டிருந்தாராம். தடுப்பூசி மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டியது என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே டாக்டரம்மாதான். ஒரு காலத்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார், பக்கத்தில் உட்காருகிறவரிடம் "வெயில் படுது, கொஞ்சம் ஜன்னலை மூடுங்க" என்பார். இப்போது அவருக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை. துணைக்கு ஆள் இல்லை.

தலைவர் மாமா எழுதியிருந்தார், பக்கத்து ஊரில் வளைவு நிற்கிறது, நம் ஊரில் இல்லாதது நமக்குக் குறை என்று. மாமா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வளைவில் யார் பெயரைப் பொறிக்கப் போகிறோமோ அவரிடம் யாராவது கேட்டோமா? அக்கா கேட்டாள். "வளைவுக்குக் கீழே எந்தப் பிள்ளை வந்து நிக்கப் போவுது? கூரை ஓடு மாத்திக் கொடுங்க, நல்ல எடைக் கருவி ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்றாராம். இன்னொன்றும் கேட்டிருக்கிறார், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் ஊருக்கு வந்தது எழுபதுகளில். அப்போது வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இன்னும் போகும் என்றுதான் எல்லா வீட்டிலும் நம்பினார்கள். குழந்தைகள் இறந்தது போக்கால் இல்லை, உடம்பில் நீர் வற்றியதால். அவர் வீடு வீடாகப் போய், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி அளக்க வேண்டும் என்று தாய்மார்களையே கலக்க வைத்து, அவர்களையே முதலில் குடித்துப் பார்க்கச் சொல்வார். கண்ணீரை விடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கு என்பார். என் அம்மாவுக்கு இன்றைக்கும் அந்த அளவு தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

அந்த வைத்தியத்துக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனதும், திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்க வைத்தார். அவர் கவனிப்பில் இருந்தவர்களில் இறந்தவர்களின் அளவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. "டாக்டர் கையில் இருந்த மருந்தைத் தாய் கையில் கொடுத்தார் பாரு, அதுதான் பெரிசு" என்பார் டாக்டரம்மா. அவரும் நம் ஊரில் அதைத்தான் செய்தார்.

துபாய் அண்ணன் போன மடலில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார், "நல்லவர்தான், ஆனால் பிடிவாதக்காரர், ஊசி போட மாட்டார்" என்று. அண்ணே, அந்தப் பேச்சால்தான் அன்றைக்கு அவ்வளவு கெடுதல் நடந்தது. சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் ஊசி வேலை செய்யாது. அதைச் சொல்லி அவர் ஊசி போடாமல் திருப்பி அனுப்பினால், நம் ஆட்கள் டவுனுக்குப் போய்க் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, இவருக்கு வைத்தியம் தெரியாது என்றார்கள். அப்புறம் அவரை மாற்றச் சொல்லி ஒரு மனு போனது. யார் எழுதியது, யார் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையெழுத்து வாங்கியது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அதில் எங்கள் அப்பாவின் கையெழுத்தும் இருந்தது. அப்பா இறப்பதற்கு முன் என்னிடம் சொன்னார். இவ்வளவு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

அந்த மனு போன சில மாதங்களில், 1991 மழைக்காலத்தில், எனக்கு நிமோனியா வந்தது. அப்போது எனக்குப் பதினொரு மாதம். டாக்டரம்மா தாய்மார்களுக்கு மூச்சு எண்ணக் கற்றுக் கொடுத்திருந்தார். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40, இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அம்மா எண்ணினாள், தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பா தெருமுனையிலேயே நின்றுவிட்டாராம், உள்ளே வர முகம் இல்லாமல். டாக்டரம்மா வெளியே வந்து, "உள்ள வாங்க, குழந்தையை யாராவது பிடிச்சுக்கணும்" என்று மட்டும் சொன்னார். ஆன்டிபயாடிக் தேவைப்பட்ட இடம் அது. அன்றைக்கு அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஊசி போட்டார். மனுவைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

1995இல் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது தங்கையைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். டாக்டரம்மா காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் நின்று, இறங்குகிற பிள்ளைகளையெல்லாம் பிடித்து சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழ் வந்த செய்தியைச் சொல்ல அவருக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, காலனி வீட்டுப் பையனின் பெயரைச் சொன்னார். அவன் கால் நமக்கெல்லாம் தெரியும்.

சரி, பொருளாளர் அண்ணன் கேட்ட கணக்குக்கு வருகிறேன். குளம் தூர்வாரிய பணத்தில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்று அவர் சொல்வது நியாயம். ஓடு மாற்றும் ஆளுக்கும் எடைக் கருவி விற்கும் கடைக்கும் சங்கக் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும், ரசீதை இங்கேயே போடுவோம். இடையில் யார் கையும் வேண்டாம், என் கையும் வேண்டாம். கண் அறுவைக்கு அக்காவும் நானும் தனியாகப் பார்த்துக்கொள்கிறோம், அதைச் சங்கத்தில் சேர்க்க வேண்டாம்.

அவர் கேட்ட இன்னொன்று இதுதான். பின் அறை அலமாரியில் நம் எல்லோருடைய வளர்ச்சி அட்டைகளும் இருக்கின்றன. மாதா மாதம் எடை பார்த்துப் புள்ளி வைத்துக் கோடு இழுத்த அட்டைகள். கீழ்த் தட்டைக் கரையான் தின்றுவிட்டது. "பிள்ளைங்ககிட்ட அனுப்பிடும்மா, அவங்களுடையது" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அன்றைக்கே தேடி என் அட்டையை எடுத்துப் படம் அனுப்பினாள். பதினொன்றாவது மாதத்தில் கோடு சட்டென்று கீழே இறங்குகிறது. பக்கத்தில் அவர் கையெழுத்தில், "மூச்சு 62. அம்மா சரியாக எண்ணியிருக்கிறாள்."

அக்கா அடுத்த மாதம் பத்து நாள் மறுபடி போகிறாள். உங்கள் பெயர், அப்பா பெயர், தெரு, பிறந்த வருடம் இவற்றை எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். மேல் இரண்டு தட்டு இன்னும் நன்றாக இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.