காமரங்காய்ச் சாறு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

நெடுங்கேணி அம்மா:
எங்கள் வளவில் காமரங்காய் (நட்சத்திரப்பழம்) மரம் நிற்கிறது. போன மாதம் 9 வயது மகன் வெயிலுக்குள் பந்தடித்துவிட்டு வந்தான். காலையிலும் சாப்பிடவில்லை. பத்துப் பன்னிரண்டு காயைப் பிழிந்து சீனி போட்டு இரண்டு கோப்பை கொடுத்தேன். இரவு முழுக்கச் சத்தி, நிற்காத விக்கல். மறுநாள் நாரி நோகுது என்று அழுதான். சலம் துளிதான் போனது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 4.2. இந்த வயதுக்கு 0.7க்குள் இருக்க வேண்டுமாம். என்ன குடித்தான் என்று மூன்றாம் நாள்தான் ஒரு வைத்தியர் கேட்டார். தயவுசெய்து இந்தச் சாற்றைக் கொடுக்காதீர்கள்.

மாங்குளத்தான்:
அக்கா, மகன் சுகமாகட்டும். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு இதைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. வன்னியில் சிறுநீரக நோய் என்றால் கிணற்றுத் தண்ணீரையும் வயலுக்கு அடிக்கிற மருந்தையும் பற்றித்தான் பேச வேண்டும். காயைக் குற்றம் சொன்னால் அந்தக் கதை மறைந்துவிடும்.

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, நீங்கள் சொல்வது வருடக்கணக்கில் மெல்ல வருகிற நோய். இது ஓரிரு நாளில் வருவது. காமரங்காயில், அதுவும் புளிப்புக் காயில், ஒக்சலேட் என்கிற உப்பு அதிகம். அது கல்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் பளிங்குத் துகளாகப் படிந்து அடைத்துவிடும். வெறுவயிறும் உடம்பில் தண்ணீர் வற்றியிருப்பதும் சேர்ந்தால் நல்ல சிறுநீரகமும் தாங்காது. நீங்கள் தின்றது ஒன்றிரண்டு துண்டு. சாறென்றால் பத்துக் காய் ஒரே மடக்கில் உள்ளே போகிறது.

மாங்குளத்தான்:
கீரையிலும் ஒக்சலேட் உண்டே. அதையும் நிறுத்துவதா?

ஓய்வுபெற்ற தாதி:
சோற்றோடு ஒரு பிடி கீரை பயமில்லை. பச்சைக்கீரையை அரைத்துக் கோப்பை கோப்பையாகக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களும் இருக்கிறார்கள். கேரளாவில் கொழுப்புக் குறையும் என்று பிலிம்பி (காமரங்காய் இனத்துப் புளிப்புக் காய்) சாறு குடித்தவர்களுக்கும் இதே கதிதான். பால், தயிரோடு சாப்பிட்டால் ஒக்சலேட்டில் ஒரு பங்கு குடலிலேயே கல்சியத்தோடு பிணைந்து வெளியே போய்விடும். அதற்காகச் சாறு குடிக்கலாம் என்று எடுக்க வேண்டாம்.

நெடுங்கேணி அம்மா:
மகனுக்கு இரண்டு முறை இரத்தம் சுத்திகரித்தார்கள். இப்போது கிரியேற்றினின் 0.8. வாந்தி தொடங்கிய இரவே காமரங்காய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

மாங்குளத்தான்:
தண்ணீர் விஷயத்தில் நான் மாறவில்லை. சரி, ஒன்று கேட்கிறேன். அப்பா சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர். நேற்றும் காமரங்காய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார். அதுவும் கூடாதா?

ஓய்வுபெற்ற தாதி:
ஒரு துண்டும் வேண்டாம் தம்பி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் காயின் நஞ்சு மூளையைத் தாக்கும். விக்கலோ தடுமாற்றமோ கண்டால் விடியும்வரை பார்க்காமல் கொண்டு போங்கள்.