கேம்ப்காரங்களுக்கு கடன் இல்ல: செம்பவாங் ஞாபகம் ஒண்ணு

எங்க பெரியப்பாவுக்கு சிங்கப்பூர் செம்பவாங்ல சின்ன புரொவிஷன் கடை, ஸ்கூல் லீவுன்னா நான் அங்கதான், வெங்காயம் நிறுத்துப் போடுறது என் வேலை. பக்கத்துல ஹாக்கின்ஸ் ரோட்டுல பழைய பிரிட்டிஷ் ராணுவ குவார்ட்டர்ஸ 1978ல வியட்நாம் அகதி முகாமா ஆக்கினாங்க, ஐநா ஆளுங்கதான் பாத்துக்கிட்டாங்க. அடைச்சு வச்சிருப்பாங்கன்னு நெனச்சா இல்ல, வெளிய வருவாங்க, கடைக்கும் வருவாங்க. ஒரு அம்மா காஞ்ச மிளகாய விரல்ல காட்டி, போதும் போதும்னு கையாலயே சொல்லும், அப்புறம் சில்லறைய ஒவ்வொண்ணா எண்ணி வைக்கும்.

பெரியப்பா ஊருக்கே 555ங்கிற சின்ன பாக்கெட் நோட்டுல கடன் எழுதுவாரு, கேம்ப் ஆளுங்களுக்கு மட்டும் கெடயாது. "90 நாள்ல பறந்துருவான், அமெரிக்காவுக்கா போய் வசூல் பண்றது?"ன்னுவாரு. அந்த 90 கவர்மெண்ட் கணக்கு. நடுக்கடல்ல கப்பல்காரன் காப்பாத்திக் கொண்டாந்தாலும், வேற ஏதாவது நாடு 90 நாளுக்குள்ள எடுத்துக்கிறோம்னு உறுதி குடுத்தாத்தான் இறங்க விடுவாங்க, அதுலயும் ஒரு நேரத்துல 1000 பேருக்கு மேல கூடாது. 1975ல அதுவும் இல்ல, மே மாசம் வந்த கப்பல்களுக்கு சாப்பாடு, தண்ணி, எண்ணெய் குடுத்து, ரிப்பேர் பாத்து, திரும்பக் கடலுக்கே அனுப்பிட்டாங்க.

அந்த மிளகாய் அம்மா குடும்பத்துக்கு மட்டும் 90 நாள் தாண்டியும் பேப்பர் வரல. நாலாவது மாசம் பெரியப்பா ஒண்ணும் சொல்லாம நோட்ட எடுத்து ஒரு புதுப் பக்கம் திருப்பினாரு, பேரு எழுத வரல, மிளகாய் படம் ஒண்ணு போட்டாரு. அது படம்னே சொல்ல முடியாது, புழு மாதிரி இருக்கும். அவங்க எப்பப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன். முகாம 1996ல மூடிட்டாங்க.

தேக்கா கோப்பி-ஓ:
அண்ணே, அது அந்தக் காலம். நான் பாத்தது 2022. கூட வேல பாக்குற யாழ்ப்பாணத்துப் பையன், ஜூலையில இலங்கைய விட்டு ஓடுன ஜனாதிபதி கோத்தபய இங்க வந்து எறங்கினப்ப போன அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டிருந்தான். தஞ்சம் கேக்கல, குடுக்கவும் இல்ல, தனிப்பட்ட பயணம்னு கவர்மெண்ட் சொல்லுச்சு, விசிட் பாஸ்ல ஒரு மாசம் கிட்ட இருந்துட்டு தாய்லாந்து போனாரு. நவம்பர்ல 303 இலங்கக்காரங்க போன படகு நடுக்கடல்ல மாட்டிக்கிச்சு, ஜப்பான் கப்பல் ஒண்ணு காப்பாத்தி வியட்நாம்ல வுங் தாவ்ல கொண்டு எறக்குச்சு. நம்ம தண்ணியில நடக்கலதான், சும்மா குத்தம் சொல்லக்கூடாது. ஆனா அந்தப் பையன் வீடியோவ நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு மூஞ்சியா பாத்தான். "சித்தப்பாட மகன் வெளிக்கிட்டவன் அண்ணே, இதிலதானோ தெரியேல்ல." கோப்பி ஆறிப்போச்சு, நான் வேற ஒண்ணு வாங்கி வச்சேன், அதையும் குடிக்கல.

செம்பவாங்காரன்:
இருந்தானா தம்பி அதுல?

தேக்கா கோப்பி-ஓ:
இல்லண்ணே. அவன் ஊர விட்டே கெளம்பல, ஏஜென்ட் காச வாங்கிட்டு ஓடிட்டானாம்.